டொக்டருக்கு அழைப்பெடுக்கத் தயங்கும் தாதிய மாணவிகள்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் தாதிய மாணவர்களுக்குக் கற்பிக்கிறேன். சென்ற தவணையில் மருத்துவ, மருந்தாளர், ஆய்வுகூட மாணவர்களையும் சேர்த்து, குழுவாகப் பணியாற்றுவது பற்றி ஒரு கூட்டு விரிவுரை வைத்தோம். ஏறத்தாழ 140 பேர் வந்தார்கள். எங்கள் பிள்ளைகள் பின்வரிசையில் இருந்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. கேள்வி கேட்டதெல்லாம் மருத்துவ மாணவர்கள்தான். வைத்தியசாலை விடுதியிலும் (வாட்டிலும்) இதே கதை. நோயாளியின் நிலை மாறுவது தெரிந்தாலும் டொக்டருக்கு அழைப்பெடுக்கப் பயப்படுகிறார்கள். அடுத்த ஆண்டுக்கு நான்கு பிற்பகல்கள் ஒதுக்கித் தருவதாக மற்றப் பிரிவுகள் சொல்லியிருக்கின்றன. விலை கூடிய பொம்மைகளோ பயிற்சிக்கூடமோ எங்களிடம் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்:

அன்பின் ஆசிரியைக்கு,

பிள்ளைகளிடம் குறை தேடமுன் அந்த மண்டபத்தை ஒருமுறை யோசித்துப் பாருங்கள். ஒருவர் பேச 140 பேர் கேட்கும் இடத்தில் யாருக்கும் பக்கத்துத் துறை மாணவரின் உதவி தேவைப்படாது. உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட சட்டகம் இப்படியான கூட்டுக் கல்விக்கு மூன்று அம்சங்களைச் சொல்கிறது: வெவ்வேறு தொழில்களின் மாணவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் கற்கவேண்டும். உங்கள் விரிவுரையில் மூன்றாவது மட்டும், அதுவும் பேருக்கு நடந்திருக்கிறது.

ஆகவே விரிவுரையை விடுங்கள். தகவலைத் துண்டுதுண்டாகப் பிரித்து ஒவ்வொரு தொழிலின் கையிலும் ஒரு துண்டைக் கொடுங்கள். மற்றவரிடம் கேட்காமல் முடிக்கவே முடியாத வேலையாக அது இருக்கட்டும். உங்கள் நான்கு பிற்பகல்களும் இதைச் சுற்றித்தான் அமையவேண்டும்.

முதல் பிற்பகலுக்கு வேறு எவரையும் அழைக்காதீர்கள். தாதிய மாணவர்கள் மட்டும் போதும். கலப்புக் குழுவில் பலர் மௌனமாக இருப்பதற்கு வெட்கத்தைவிடப் பெரிய காரணம், தம்மிடம் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்ற சந்தேகம். நாடித்துடிப்பு 118 என்று எழுதத் தெரிந்த பிள்ளைக்கு, அந்த எண்ணால் என்ன கவலை வரவேண்டும் என்று சொல்லத் தெரியாவிட்டால், எந்தக் குழுவில் இருத்தினாலும் வாய் திறக்காது. அன்று செய்யவேண்டியது தொலைபேசிப் பயிற்சி. அழைப்பை நான்கு படிகளில் சொல்லும் முறையை நீங்கள் அறிவீர்கள்: நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை. அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் பழக்கத்தில் இருந்து பின்னர் வைத்தியசாலைகளுக்கு வந்த முறை இது. பெரும்பாலான இடங்களில் இதைப் படம் போட்டுக் காட்டிவிட்டு விட்டுவிடுகிறார்கள். வாயால் சொல்லிப் பழகாமல் இது வராது.

மாணவிகள் தடுக்கி விழும் இடம் மூன்றாவது படி. முதலிரண்டையும் ஒழுங்காகச் சொல்லிவிட்டு, “அதுதான் டொக்டர்” என்று நிறுத்திவிடுவார்கள். தான் என்ன நினைக்கிறேன், தனக்கு என்ன வேண்டும் என்பதைச் சொல்வது மரியாதைக்குறைவு என்ற எண்ணம் உள்ளே இருக்கிறது. அதை மெல்லத்தான் கழற்றவேண்டும். ஒரு மாதிரி அழைப்பைப் பலகையில் எழுதிக் கொடுங்கள்:

“டொக்டர், மெடிக்கல் வாட்டில இருந்து தாதிய மாணவி கதைக்கிறன், பொறுப்பு மிஸ் பக்கத்தில நிக்கிறா. எட்டாம் கட்டில் டெங்கு நோயாளி, இப்ப பிரஷர் 100க்கு 80, நாடி 118, கை குளிர்ந்திருக்கு. காய்ச்சல் தொடங்கி ஐஞ்சாம் நாள், காலமை 8 மணியிலயிருந்து கிரிட்டிக்கல் பேஸ் எண்டு எழுதியிருக்கு. பிரஷரின்ர ரெண்டு எண்ணுக்கும் இடைவெளி 20க்கு வந்திட்டுது, ரெண்டு மணித்தியாலமா சிறுநீரும் மணிக்கு 20 மில்லிலீற்றர்தான். ஷொக்குக்குப் போறா எண்டு நினைக்கிறன். நீங்கள் இப்பவே வந்து பாக்கவேணும். வாறதுக்குள்ள என்ன செய்யட்டும்?”

ஒரு நிமிடத்துக்குள் முடிகிற பேச்சு. (கிரிட்டிக்கல் பேஸ் என்பது டெங்குவில் குருதிக்குழாய்களிலிருந்து திரவம் கசியும் ஆபத்தான காலம்.) பிறகு டொக்டர் சொல்வதைத் திருப்பிச் சொல்லி, நேரத்தோடு எழுதவேண்டும். இருவர் இருவராகப் பிரித்து, முதுகோடு முதுகு திரும்பி இருக்கச் செய்து பேசவிடுங்கள். முகம் பார்த்தால் சிரிப்பும் தலையாட்டலும் வந்து பயிற்சி கெட்டுவிடும். கவனிக்கவேண்டிய பிழைகள்: கட்டில் சீட்டு கையில் இல்லாமல் அழைப்பது, “ஆள் நல்லா இல்லை” என்று எண் எதுவும் இல்லாமல் சொல்வது, “தொந்தரவுக்கு மன்னிக்கோணும்” என்று தொடங்குவது. மூன்றாவது சிறிய விஷயம்போலத் தெரியும். ஆனால் மன்னிப்போடு தொடங்கும் அழைப்பு, அவசரமில்லை என்று தானே சொல்லிவிடுகிறது.

மறுமுனையில் இருப்பவர் “பிறகு பாக்கிறன்” என்று சொன்னால் என்ன செய்வது என்பதையும் அன்றே பழக்குங்கள். முதலில் ‘எனக்குக் கவலையாக இருக்கிறது’, அடுத்து ‘இது நோயாளியின் பாதுகாப்புக்கு ஆபத்து’. இரண்டு தடவை தெளிவாகச் சொல்லியும் பதில் கிடைக்காவிட்டால் மேலே போகவேண்டும்: உள்ளகப் பயிற்சி வைத்தியரிடமிருந்து சிரேஷ்ட வைத்தியருக்கு, அங்கிருந்து பதிவாளருக்கு (நிபுணராகப் பயிலும் வைத்தியர்), பிறகு வைத்திய நிபுணருக்கு. அதே நேரத்தில் விடுதிச் சகோதரிக்கும் தெரியவேண்டும். இந்த ஏணி மாணவிக்கு மனப்பாடமாக இருக்கவேண்டும். மாணவி தனியாக ஏறக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பொறுப்பிலுள்ள தாதிய உத்தியோகத்தரோடுதான் எந்த அழைப்பும்.

இரண்டாம் பிற்பகல் மற்றவர்களின் வேலையிடத்துக்குப் போவது. மூன்று பேர் கொண்ட குழுக்களாக மருந்தகத்துக்கும் ஆய்வுகூடத்துக்கும் இயன்மருத்துவப் பிரிவுக்கும், ஒரு குழுவைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் அனுப்புங்கள். ஓர் இடத்தில் ஒன்றரை மணித்தியாலம் போதும். சும்மா பார்த்துவிட்டு வந்தால் சுற்றுலாவாகிவிடும். ஒரேயொரு கேள்வியைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்: “எங்கட பக்கத்தில இருந்து வாற எந்தப் பிழை உங்கட வேலையைக் கெடுக்குது?”

பதில்கள் மிகத் துல்லியமாக வரும். ஆய்வுகூடத்தில் சொல்வார்கள்: ஊதா மூடிக் குழாயை எட்டுப் பத்துத் தடவை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்காததால் குருதி உறைந்துபோகிறது, உறைந்த மாதிரியில் குருதிச் சிறுதட்டு எண்ணிக்கை பொய்யாகக் குறைந்து காட்டும். உறைதல் பரிசோதனைக்கான நீல மூடிக் குழாயில் கோடு வரை நிரப்பாவிட்டால் குழாயிலுள்ள உறைவுத் தடுப்பு மருந்துக்கும் குருதிக்கும் இருக்கவேண்டிய 1:9 விகிதம் குழம்பிவிடும். மருந்தகத்தில், திறந்த இன்சுலின் குப்பியில் திறந்த திகதி எழுதுவதில்லை என்பார்கள், திகதி இல்லாமல் 28 நாள் கணக்கு எப்படிப் பார்ப்பது? வலிநிவாரணியை அரை மணித்தியாலத்துக்கு முன் கொடுக்காமல் நோயாளியை நடக்கவைக்கச் சொன்னால், வலி தாங்காத நோயாளி ஒத்துழைக்கமாட்டார் என்று இயன்மருத்துவர் சொல்லுவார். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் குடும்பநல உத்தியோகத்தரின் முறைப்பாடு வேறு மாதிரி இருக்கும். பிரசவித்த தாயை முதல் பத்து நாட்களுக்குள் வீட்டில் போய்ப் பார்க்கவேண்டும், ஆனால் தாய் பிள்ளைப்பேற்றுக்குப் போய் நிற்பது அம்மா வீட்டில், விடுதியில் எழுதியிருப்பதோ கணவன் வீட்டு விலாசம். யாழ்ப்பாணத்தில் இது எத்தனை சாதாரணம் என்பது உங்களுக்குத் தெரியும்.

மூன்றாம் பிற்பகல்தான் கூட்டு அமர்வு. இதில் நேரமும் உழைப்பும் போடுங்கள்.

முதலில் ஆட்கள். ஒரு குழுவில் எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம்: தாதியம் மூன்று, மருத்துவம் இரண்டு, மருந்தாளர் இரண்டு, ஆய்வுகூடம் ஒன்று என்ற அளவில். தாதிய மாணவி ஒருத்தி மட்டும் தனியே இருந்தால் மௌனம் நிச்சயம். ஆண்டை வைத்துச் சோடி சேர்க்காதீர்கள், விடுதி அனுபவத்தை வைத்துச் சேருங்கள். இறுதியாண்டு மருத்துவ மாணவரோடு இரண்டாமாண்டு தாதிய மாணவியை இருத்தினால் அது பாடம் சொல்லிக்கொடுப்பதாகிவிடும். இன்னும் விடுதிக்கே வராத மருத்துவ மாணவர் என்றால் அவர் வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பார். மருத்துவ பீட மாணவர்கள் விடுதிப் பயிற்சியைத் தொடங்கிய முதல் ஆண்டும் உங்கள் மூன்றாமாண்டும் ஓரளவு பொருந்தும்.

பெயர் அட்டையில் பெயரைப் பெரிதாகவும் தொழிலைச் சிறிதாகவும் எழுதுங்கள். மருத்துவ மாணவரை ‘டொக்டர்’ என்று அழைப்பதை அந்த அறைக்குள் அனுமதிக்கவேண்டாம். எழுதுகோலை எப்போதும் மருத்துவ மாணவர் கையில் கொடுங்கள். இல்லாவிட்டால் கையெழுத்து வடிவென்று சொல்லித் தாதிய மாணவியைக் குறிப்பெடுக்க வைத்துவிடுவார்கள், எழுதுகிறவருக்குப் பேச நேரம் இராது.

இப்போது நோயாளி. மாரிமழையோடு டெங்கு வரும் ஊரில் வேறு உதாரணம் தேடத் தேவையில்லை. 22 வயதுப் பெண், நிறை 50 கிலோ, காய்ச்சல் ஐந்தாம் நாள். தகவலை இப்படிப் பிரியுங்கள்.

மருத்துவ மாணவர் அட்டையில்: வயிற்றுவலி, வாந்தி, ஈரல் அழுத்தினால் நோகிறது, வலது நுரையீரலின் அடிப்பகுதியில் சுவாசச் சத்தம் குறைவு. பி.சி.வி. (குருதியில் செங்கலங்களின் வீதம்) அனுமதிக்கும்போது 38, இன்று காலை 10 மணிக்கு 46. அதாவது 20 வீதத்துக்கு மேல் ஏறியிருக்கிறது, திரவக் கசிவு நடக்கிறது. பிற்பகல் 2 மணி முடிவு இன்னும் வரவில்லை.

ஆய்வுகூட மாணவர் அட்டையில்: 2 மணிக்கு வந்த முதல் குழாய் உறைந்திருந்ததால் திருப்பி அனுப்பப்பட்டது. இரண்டாவது குழாயில் பி.சி.வி. 40, குருதிச் சிறுதட்டு 48,000. எந்தக் கையில் எடுத்தது என்று படிவத்தில் இல்லை.

தாதிய மாணவர் அட்டையில்: 10 மணிக்குக் குருதி அமுக்கம் 110/80, நாடி 92. 2 மணிக்கு 100/80, நாடி 118. கடைசி இரண்டு மணித்தியாலமும் சிறுநீர் மணிக்கு 20 மில்லிலீற்றர். சேலைன் இடக்கையில் ஏறுகிறது, இரண்டாவது குருதி மாதிரி வலக்கையில் எடுக்கப்பட்டது. பார்க்க வந்த தாய் இளநீரும் பப்பாசி இலைச்சாறுமாக ஏறத்தாழ 600 மில்லிலீற்றர் கொடுத்திருக்கிறார், திரவக் கணக்கில் அது ஏறவில்லை.

மருந்தாளர் மாணவர் அட்டையில்: அனுமதிக்கு முன் வெளியே வாங்கிய வில்லைகளின் மட்டை. டைக்ளோபெனாக் 50 மில்லிகிராம், மூன்று நாட்கள் போட்டிருக்கிறார்.

ஐந்தாவது அட்டையை உங்கள் சட்டைப்பையில் வைத்திருங்கள். அதில், நோயாளியை மலசலகூடத்துக்குக் கூட்டிப்போன சிற்றூழியர் மலம் கறுப்பாக இருந்ததைக் கண்டார் என்று இருக்கும். “யார் கூட்டிப்போனது? அவரிட்ட கேட்டதா?” என்று எவராவது கேட்டால் மட்டும் கொடுங்கள்.

இதன் பொறி எங்கே இருக்கிறது என்பது உங்களுக்கு உடனே விளங்கும். மருத்துவ மாணவர் 46, 40 என்ற இரண்டு எண்களை மட்டும் பார்த்து, ‘குறையுது, தேறுறா’ என்பார். அமுக்க இடைவெளி 20, நாடி 118, சிறுநீர் கிலோவுக்கு மணிக்கு 0.5 மில்லிலீற்றருக்கும் கீழே என்று தாதிய மாணவி சொன்னால்தான் அந்தக் கணக்குப் பிழைக்கும். பி.சி.வி. குறைய நோயாளி மோசமானால் உள்ளே குருதி போகிறதோ என்று யோசிக்கவேண்டும். அல்லது சேலைன் ஏறும் கையில் எடுத்ததால் மாதிரி ஐதாகியிருக்கலாம். எந்தக் கை என்று ஆய்வுகூட மாணவர் கேட்கவேண்டும், தாதிய மாணவி பதில் சொல்லவேண்டும். டைக்ளோபெனாக் இரைப்பையில் குருதிப்போக்கை உண்டாக்கக்கூடிய வலிநிவாரணி என்பதால் அந்தச் சந்தேகத்தைக் கூட்டுகிறது, கறுப்பு மலம் அதை உறுதிப்படுத்துகிறது. நான்கு அட்டைகளும் மேசைக்கு வராமல் சரியான முடிவுக்கு வரமுடியாது. இரண்டாவது குழுவுக்கு இரண்டு வரிகளை மட்டும் மாற்றிக் கொடுங்கள்: மாதிரி எடுத்தது இடக்கையில், மலம் வழமைபோல. இப்போது முதல் வேலை மற்றக் கையில் மீண்டும் எடுப்பது. அதற்காக டொக்டருக்கு அழைப்பைத் தாமதிக்கவும் கூடாது, அமுக்க இடைவெளி 20 என்பது இரண்டு குழுவுக்கும் ஒன்றுதான்.

திரவக் கணக்கையும் விடாதீர்கள். 50 கிலோவுக்குக் கசிவுக்காலம் முழுவதற்குமான அளவு 4600 மில்லிலீற்றர்: பராமரிப்புக்கு 2100, நிறையின் ஐந்து வீதத்துக்கு 2500. வாயால் குடிப்பதும் இதற்குள் அடங்கும். மருத்துவ மாணவர் கணக்கை அழகாகப் போடுவார், ஆனால் உண்மையில் உள்ளே போனது எவ்வளவு என்பது தாதியிடம்தான் இருக்கிறது. அந்த 600 மில்லிலீற்றரை அவர் சொல்லாவிட்டால் மீதிக் கணக்கு முழுவதும் பிழை. குருதி ஏற்றவேண்டி வந்தால் செங்கலச் செறிவு கிலோவுக்கு 5 மில்லிலீற்றர், அதாவது 250. தொற்றுநோயை அறிவிக்கும் எச் 544 படிவத்தைப் பெரும்பாலான குழுக்கள் மறக்கும். சந்தேகம் வந்த அன்றே அறிவித்தால்தான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டடிக்குப் போகமுடியும். அவரும் இந்தக் குழுவில் ஒருவர்தான், அறையில் இல்லாதவர் என்பது மட்டுமே வித்தியாசம்.

நேரம் இரண்டரை மணித்தியாலம். அறிமுகத்துக்குப் பத்து நிமிடம். பிறகு 25 நிமிடம் ஒவ்வொரு தொழிலும் தனித்தனியே தன் அட்டையைப் படித்து, எதைச் சொல்லவேண்டும் என்று தீர்மானிக்கட்டும், இதைத் தவிர்த்தால் மௌனம் திரும்பி வரும். கலப்புக் குழுவுக்கு 40 நிமிடம், பக்கத்து அறையிலிருக்கும் வைத்தியருக்கு அழைப்பெடுக்க 25 நிமிடம், மீளாய்வுக்கு 50 நிமிடம். நேரம் போய்விட்டதென்று வெட்டப்படுவது எப்போதும் மீளாய்வுதான். வெட்டுவதென்றால் அறிமுகத்தை வெட்டுங்கள்.

அழைப்பை ஏற்கும் வைத்தியராக ஓர் உள்ளகப் பயிற்சி வைத்தியரைக் கேளுங்கள், முதல் தடவையே வைத்திய நிபுணர் வேண்டாம். முதலில் கொஞ்சம் அலட்சியமாகப் பதில் சொல்லும்படி அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டும். தாதிய மாணவி எடுத்த பிறகு மருத்துவ மாணவர் ஒருவரும் எடுக்கட்டும். அவர்களுக்கும் இது தடுமாறும், அதைத் தாதிய மாணவிகள் காண்பது நல்லது.

வழிநடத்துவதற்கு ஒரு குழுவுக்கு இருவர், வெவ்வேறு துறையிலிருந்து. மாணவர்கள் உங்கள் அட்டைகளைவிட உங்களையே கூர்ந்து பார்ப்பார்கள். மருத்துவ விரிவுரையாளர் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்ல, தாதிய விரிவுரையாளர் வருகைப் பதிவையும் தேநீரையும் கவனித்தால், அன்றைய பாடம் அதுவாகவே இருக்கும். முதல் நாள் முக்கால் மணித்தியாலம் ஒன்றாக இருந்து, மீளாய்வில் யார் எந்தக் கேள்வியைக் கேட்பது என்று பிரித்துக்கொள்ளுங்கள். மீளாய்வுக்குக் கேள்விகள்: எந்தத் தகவல் தாமதமாக வந்தது, ஏன்? யாருக்குத் தெரிந்தும் சொல்லவில்லை? எது தடுத்தது? ‘எல்லாரும் நல்லாச் செய்தனீங்கள்’ என்று முடிக்கவேண்டாம்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மருத்துவ மாணவர்களில் சிங்களம் பேசுவோரும் இருப்பதால் குழு ஆங்கிலத்தில் நடக்கும், நோயாளியோடு பேச்சுத் தமிழில். தமிழ் பேசும் தாதிய மாணவி மொழிபெயர்ப்பாளராக மாறி, அதோடு அவளுடைய பங்கு முடிந்துவிடும் ஆபத்து உண்டு. ஒருவர் மொழிபெயர்த்தால், முடிந்ததும் “நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?” என்று அவரிடமே முதலில் கேட்பதை விதியாக்குங்கள். ஆங்கிலம் தடுமாறினால் எண்களைச் சொல்லட்டும், எண்ணுக்கு இலக்கணம் தேவையில்லை.

நான்காம் பிற்பகல் விடுதியில். பிற்பகல் ஒரு மணி முறைமாற்றத்தின்போது ஒப்படைப்பைக் கேட்க மருத்துவ மாணவர் இருவரை நிறுத்துங்கள். பிறகு அவர்கள் ஒரு மணித்தியாலம் ஒரு நோயாளியின் திரவக் கணக்கைத் தாங்களே வைத்திருக்கட்டும், சிறுநீரை அளப்பது உட்பட. பதிலுக்குத் தாதிய மாணவிகள் விடுதிச் சுற்றில் தங்கள் நோயாளியைப் பற்றி இரண்டு நிமிடம் அறிக்கை சொல்லட்டும். வைத்திய நிபுணரிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்குங்கள். அவர் ஒருமுறை திரும்பி “தாதியின் கணிப்பு என்ன?” என்று கேட்டாலே போதும்.

மதிப்பீட்டுக்கு மனப்பாங்கு வினாக்கொத்துகளை அதிகம் நம்பவேண்டாம். கூட்டாகக் கற்க மாணவர் எவ்வளவு தயார் என்று அளக்கும், 1999இல் வந்த 19 கேள்வி அளவுகோல் பரவலாகப் பாவிக்கப்படுகிறது. மாணவர்கள் முதல் நாளே எல்லாவற்றுக்கும் உயர்ந்த புள்ளி போட்டுவிடுவதால், பின்னர் கூடியதா குறைந்ததா என்று காட்ட இடமிருப்பதில்லை. அதைவிட, விடுதியில் உண்மையான அழைப்பு ஒன்றை ஆறு வரிப் பட்டியலோடு கவனியுங்கள்: தன்னை அறிமுகப்படுத்தினாரா, எண்களைச் சொன்னாரா, தன் மதிப்பீட்டைச் சொன்னாரா, தேவையைக் கேட்டாரா, திருப்பிச் சொன்னாரா, நேரத்தோடு எழுதினாரா. தொடர்ச்சியாக விடுபடுவது எது என்று பார்த்தால், அடுத்த தொகுதிக்கு முதல் பிற்பகலில் எதில் கூடுதல் நேரம் போடுவது என்று தெரியும்.

புள்ளி விஷயத்தில் மற்றத் துறைகளோடு இப்போதே பேசுங்கள். தாதியத்துக்கு வரவு கட்டாயம், மருத்துவத்துக்கு விருப்பம் என்றிருந்தால் இரண்டாம் தடவை வெறும் கதிரைகளோடுதான் அமர்வு நடக்கும். எல்லாருக்கும் ஒரே வரவு விதி, ஒரே எடை. மூன்றாம் பிற்பகலை ஒக்டோபருக்குள் வைத்துவிடுங்கள். மழை தொடங்கி டிசம்பர், ஜனவரியில் விடுதி நிரம்பியபின் அழைப்பை ஏற்க உள்ளகப் பயிற்சி வைத்தியர் எவரும் உங்களுக்குக் கிடைக்கமாட்டார்.